ஒரு மஞ்சள் ஆச்சரியக்குறியின் வரலாறு

திருத்துறைப்பூண்டியில் ஒரு டிப்ளமோ மாணவன். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் அண்ணன் வாங்கி அனுப்பிய சின்ன சர்க்யூட் போர்டு ஒன்று பார்சலில் வந்து சேருகிறது. கூடவே தீப்பெட்டி அளவில் ஒரு யு.எஸ்.பி. அடாப்டர். ஆசையோடு கம்ப்யூட்டரில் செருகுகிறான். "டிங்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்! டிவைஸ் மேனேஜரைத் திறந்தால், அடாப்டரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் ஆச்சரியக்குறி.

இந்த மாணவன் கற்பனைதான். ஆனால் அந்த மஞ்சள் குறி கற்பனை அல்ல. ஹார்டுவேர் பக்கம் தலைவைத்துப் படுத்த எவரும் அதைப் பார்த்திருப்பார்கள். பெரும்பாலோர் தங்கள் மீதுதான் தப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அந்தக் குறிக்குப் பின்னால் முப்பது நாற்பது வருடக் கதை இருக்கிறது. ஐரோப்பா, அமெரிக்கா, ஸ்காட்லாந்து, சீனா என்று சுற்றிக் கடைசியில் நம்ம சென்னைக்கே வந்து நிற்கும் கதை.

ஆணிப்படுக்கையில் ஆரம்பம்

முதலில், அந்த அடாப்டர் எதற்கு? ஒரு சிப்புக்குள் புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதை நடுவில் நிறுத்தி, உள்ளே எந்த நினைவகத்தில் என்ன எண் இருக்கிறது என்று எட்டிப் பார்க்க வேண்டும். டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைப்பது போல. அந்த ஸ்டெதஸ்கோப்தான் இந்த அடாப்டர்.

ஆரம்பத்தில் சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்க, வரிசையாக ஊசிகள் நிற்கும் ஆணிப்படுக்கை போன்ற கருவி ஒன்று இருந்தது. போர்டை அதன்மேல் வைத்து அழுத்தினால் ஒவ்வொரு ஊசியும் ஒவ்வொரு இணைப்பைத் தொடும். 1980களில் சிப்புகளின் கால்கள் நெருங்கிக்கொண்டே போக, ஊசி வைக்க இடமில்லாமல் போயிற்று. 1985இல் ஐரோப்பிய மின்னணு நிறுவனங்கள் சில கூடி ஒரு குழு அமைத்தன. பிறகு அமெரிக்க நிறுவனங்களும் சேர்ந்தன. அந்தக் குழுவின் பெயர்ச்சுருக்கம்தான் ஜேடேக். வெளியிலிருந்து ஊசி குத்துவதற்குப் பதிலாக, சிப்புக்குள்ளேயே ஒரு சோதனைப் பாதையை வைத்துவிடலாம் என்பது அவர்கள் யோசனை. நாலே நாலு கம்பி போதும். 1990இல் இது ஐ.இ.இ.இ. 1149.1 என்ற தரநிலையாக வெளிவந்தது.

சோதனைக்காக வந்த பாதை, பிறகு புரோகிராமர்களுக்கு ராஜபாட்டையாகிவிட்டது. அதன் வழியே சிப்பை நிறுத்தலாம், ஓட்டலாம், உள்ளே எழுதலாம்.

அந்தக் காலத்தில் இதற்கான கேபிளைப் பலர் வீட்டிலேயே செய்துகொண்டார்கள். பிரிண்டர் போர்ட்டின் கால்களை நேரடியாக ஏற்றி இறக்கினாலே வேலை நடந்தது. விண்டோஸ் 2000, எக்ஸ்பி வந்தபோது, சாதாரண புரோகிராம்கள் போர்ட்டை நேரடியாகத் தொடத் தடை விழுந்தது. அதைத் தாண்ட "கிவ்ஐஓ" என்ற குட்டி டிரைவரைப் போட்டுக்கொண்டார்கள். பிறகு லேப்டாப்களில் பிரிண்டர் போர்ட்டே காணாமல் போயிற்று. எல்லோரும் யு.எஸ்.பி.க்கு மாற வேண்டியதாயிற்று.

"செருகினால் போதும்" என்ற வாக்குறுதி

யு.எஸ்.பி.யின் முதல் பதிப்பு 1996 ஜனவரியில் வெளிவந்தது. இதை உருவாக்கிய இன்டெல் குழுவில் முக்கியமானவர் அஜய் பட். குஜராத்தின் வதோதராவில் பிறந்து, அங்கேயே மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். பிரிண்டருக்கு ஒன்று, மவுஸுக்கு ஒன்று, மோடத்துக்கு ஒன்று என்று இருந்த துளைகளுக்கெல்லாம் பதிலாக ஒரே துளை. செருகினால் போதும், தானாக வேலை செய்யும் என்றார்கள்.

1998 ஏப்ரலில் விண்டோஸ் 98ஐப் பொதுமேடையில் காட்டும்போது, பில் கேட்ஸ் பக்கத்தில் நிற்க, ஒரு ஸ்கேனரைச் செருகினார்கள். கம்ப்யூட்டர் நீலத்திரை காட்டி நின்றுவிட்டது! அரங்கமே சிரித்தது. பில் கேட்ஸுக்கே அந்த கதி என்றால் திருத்துறைப்பூண்டி மாணவன் எம்மாத்திரம்?

செருகியதும் என்ன நடக்கிறது? ஒவ்வொரு யு.எஸ்.பி. சாதனமும் இரண்டு எண்களைச் சொல்லித் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும். ஒன்று தயாரிப்பாளர் எண், இன்னொன்று பொருள் எண். கல்யாண வீட்டில் "இன்னார் மகன், இன்ன பெயர்" என்று சொல்வது போல. விண்டோஸ் அந்த இரண்டு எண்ணையும் வைத்துக்கொண்டு, எந்த டிரைவர் இதற்குப் பொருத்தம் என்று தேடும். பொருத்தம் அமையவில்லை என்றால் மஞ்சள் ஆச்சரியக்குறி. தயாரிப்பாளர் எண் இலவசமல்ல. யு.எஸ்.பி. அமைப்பிடம் ஆயிரக்கணக்கான டாலர் கட்டி வாங்க வேண்டும். இந்தப் பணக்கணக்கைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

கிளாஸ்கோவிலிருந்து ஒரு சிப்

எல்லோரும் யு.எஸ்.பி. மொழியை ஆதியிலிருந்து கற்றுக்கொண்டிருக்க முடியாது. ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். 1992இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் தொடங்கப்பட்ட எஃப்.டி.டி.ஐ. என்ற நிறுவனம் அந்த இடத்தைப் பிடித்தது. ஒரு பக்கம் யு.எஸ்.பி., மறுபக்கம் பழைய சீரியல் கம்பிகள். நடுவில் இவர்கள் சிப். தயாரிப்பாளர் எண் 0403. அதன் எஃப்.டி.232ஆர் சிப் உலகமெங்கும் பரவியது. இரண்டு சானல் கொண்ட எஃப்.டி.2232 ஜேடேக் பேசவும் தோதாக இருந்ததால், டீபக்கிங் அடாப்டர்களின் இதயமே அதுதான் என்றாயிற்று.

2005இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் டொமினிக் ராத் என்ற மாணவர் தன் டிப்ளமோ ஆய்வுக்காக ஓப்பன்ஓசிடி என்ற இலவச டீபக்கர் மென்பொருளை எழுதினார். விலை உயர்ந்த கருவிகள் செய்த வேலையை, குறைந்த விலை அடாப்டரும் இந்த மென்பொருளும் சேர்ந்து செய்தன. ஒரு மாணவரின் புராஜெக்ட் இன்றுவரை உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது!

சிக்கலும் இங்கேதான் பிறந்தது. ஒரே சிப்புக்கு இரண்டு விதமான டிரைவர். எஃப்.டி.டி.ஐ. தருவது ஒன்று. ஓப்பன்ஓசிடி போன்ற இலவச மென்பொருள் விண்டோஸில் பொதுவாகக் கேட்பது வின்யுஎஸ்பி என்ற இன்னொன்று. ஒரு சானலுக்கு ஒரு நேரத்தில் ஒரு டிரைவர்தான். ஒரே வயலுக்கு இரண்டு குத்தகைதாரர் இருக்க முடியுமா? "ஜாடிக்" என்ற சிறு கருவி டிரைவரை மாற்றிக் கொடுக்கும். அவசரத்தில் இரண்டு சானலையும் மாற்றிவிட்டால் காம் போர்ட் காணாமல் போய்விடும். முதல் சானலை மட்டும் மாற்றினாலும், போர்டு தயாரித்தவரின் மென்பொருள் "போர்டையே காணோம்" என்று சொல்லும். இணையத்தில் பல பேர் புலம்பிய புலம்பல் இதுதான்.

நீல அட்டை

எக்ஸ்பி காலத்தில், சான்று இல்லாத டிரைவரைப் போட்டால் ஒரு எச்சரிக்கை வரும். கூடவே "பரவாயில்லை, தொடரவும்" என்ற பொருளில் ஒரு பட்டனும் இருக்கும். அதை அழுத்தாதவர் யார்? 2007 ஜனவரியில் கடைகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவின் 64 பிட் பதிப்பு அந்த பட்டனை எடுத்துவிட்டது. கெர்னலுக்குள் போகும் டிரைவருக்கு டிஜிட்டல் கையெழுத்து கட்டாயம். 2016இல் விண்டோஸ் 10 இன்னும் இறுக்கியது. புதிய கெர்னல் டிரைவர்கள் மைக்ரோசாஃப்டின் கையெழுத்தையே பெற வேண்டும் என்றானது.

டெல்டாக்காரர்களுக்கு இது புரியாத விஷயமல்ல. விதை நெல் மூட்டையில் சான்று விதைக்கு நீல அட்டை கட்டியிருக்கும். ஆதார விதைக்கு வெள்ளை அட்டை. அந்த அட்டை "இதற்கு இன்னார் பொறுப்பு" என்று சொல்கிறது. விளைச்சலுக்கு உத்தரவாதம் தரவில்லை. டிரைவர் கையெழுத்தும் அப்படியே. டிரைவர் கோப்பில் ஒரே ஒரு எண்ணைத் திருத்தினாலும் கையெழுத்து செல்லாது. பிழை எண் 52 வரும்.

சரி, நீல அட்டை கட்டிய மூட்டையே பயிரை அழித்தால்?

2014 அக்டோபர்

எஃப்.டி.232ஆர் நன்றாக விற்றதால் போலிகள் வந்தன. மேலே அதே பெயர், அதே முத்திரை. 2014 பிப்ரவரியில் ரஷ்ய ஆர்வலர்கள் சிலர் ஒரு அசலையும் ஒரு போலியையும் அமிலத்தில் கரைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள். போலி என்பது அசலின் நகலே அல்ல. உள்ளே முற்றிலும் வேறு ஒரு மைக்ரோகன்ட்ரோலர், அசலைப் போலவே நடிக்கும்படி எழுதப்பட்டிருந்தது. நடிப்பு பிரமாதம். டிரைவருக்கு வித்தியாசமே தெரியவில்லை. தயாரிப்பாளர் எண்ணுக்குப் பணம் கட்டாமல், டிரைவர் எழுதும் செலவும் இல்லாமல், அடுத்தவர் 0403இல் சவாரி!

எஃப்.டி.டி.ஐ. பதிலடி கொடுத்தது. 2014இல் அதன் புதிய டிரைவர் விண்டோஸ் அப்டேட் வழியாகத் தானாகவே கம்ப்யூட்டர்களில் இறங்கியது. முறையான கையெழுத்துள்ள டிரைவர். அது சிப்பின் நினைவகத்தில் பொருள் எண்ணை 0000 என்று எழுத முயன்றது. அசல் சிப், இரண்டு அடுத்தடுத்த இடங்களுக்கும் எழுதினால்தான் பதிவு செய்யும். டிரைவர் பாதி இடங்களுக்கு மட்டும் எழுதியதால் அசலுக்கு ஒன்றும் ஆகவில்லை. போலியோ உடனே பதிவு செய்துகொண்டது. பெயர் தொலைந்தது. அதன்பிறகு எந்த விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகினாலும் அது யாரென்று தெரியாது. மஞ்சள் குறிதான்.

2014 அக்டோபர் 22 வாக்கில் செய்தி பரவியது. கொந்தளிப்பு. போலி செய்தவன் எங்கோ இருக்கிறான், அவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நஷ்டம் யாருக்கு? அசல் என்று நம்பிக் காசு கொடுத்த மாணவனுக்கும், சின்னப் பட்டறைக்காரருக்கும். சில நாட்களில் அந்த டிரைவர் விண்டோஸ் அப்டேட்டிலிருந்து விலக்கப்பட்டது. 2016இல் வந்த பதிப்பு சிப்பைக் கெடுக்கவில்லை. போலியைக் கண்டால், அனுப்ப வேண்டிய தகவலுக்குப் பதில் "இது அசல் அல்ல" என்ற வாசகத்தை அனுப்பியது.

அதே 2014 அக்டோபரில் லினக்ஸ் உலகம் செய்தது வேறு. பொருள் எண் 0000 என்று சொல்லும் சிப்புகளையும் ஏற்றுக்கொள்ளும்படி தன் டிரைவரில் ஒரு சிறு திருத்தம் சேர்த்தது. விண்டோஸில் செத்த அடாப்டர் லினக்ஸில் எழுந்து உட்கார்ந்தது.

தைவானின் புரோலிஃபிக் நிறுவனத்துக்கும் அதன் பி.எல்.2303 சிப்பில் இதே தலைவலி. அது சிப்பைத் தொடவில்லை. புதிய டிரைவர் போலிகளோடு பேச மறுத்தது. திரையில் பிழை எண் 10. பழைய டிரைவரைப் போட்டால் மறுபடி வேலை செய்யும். அடுத்த அப்டேட் வரும்வரை!

யாருடைய பொருள்?

காமர்ஸ் புத்தகத்தில் முதல் வருடமே வரும் பாடம் "வாங்குவோரே விழிப்பாயிருங்கள்". 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 16ஆவது பிரிவு. ஆனால் மைக்ரோஸ்கோப் இருந்தால்தான் போலி தெரியும் என்றால் வாங்குபவர் எப்படி விழிப்பாயிருப்பது? இன்னொரு பக்கம், உரிமையாளர் அனுமதியின்றி அவர் கம்ப்யூட்டருக்குச் சேதம் விளைவிப்பதை 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆவது பிரிவு தடுக்கிறது. தன் பெயரைத் திருடியவனைத் தண்டிக்க ஒரு நிறுவனத்துக்கு உரிமை உண்டு. அதற்காக வாங்கியவர் மேசைக்கே வந்து பொருளைக் கெடுக்க உரிமை உண்டா? டிரைவர் என்பது வெறும் மென்பொருள் அல்ல. ஒருவர் வீட்டுப் பொருளின் சாவி இன்னொருவர் கையில் இருப்பது.

சென்னையில் ஒரு சக்தி

இந்தக் கேள்வி நம்ம ஊருக்கும் வந்தது. ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் காமகோடி தலைமையில் 2014இல் தொடங்கியது சக்தி புராசஸர் திட்டம். யாருக்கும் உரிமத் தொகை கட்ட வேண்டாத ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுப்பில் அமைந்தது. 2018இல் ஒரு சிப் இன்டெல்லின் அமெரிக்கத் தொழிற்சாலையிலும், இன்னொன்று மொகாலியின் செமிகன்டக்டர் லேபரட்டரியிலும் வார்க்கப்பட்டன. 2020இல் மௌஷிக் வந்தது.

மாணவர்கள் சக்தியைப் பழக, ஆர்ட்டி என்ற போர்டில் ஏற்றிப் பார்க்கும் வழியைத் திட்டக்குழு தந்தது. அந்த போர்டில் யு.எஸ்.பி. துளைக்குப் பக்கத்தில் இருப்பது என்ன தெரியுமா? அதே ஸ்காட்லாந்து எஃப்.டி.2232! டீபக்கரோ ஆக்ஸ்பர்க் மாணவரின் ஓப்பன்ஓசிடி. சென்னையில் பிறந்த புராசஸரோடு பேசவும் வாசலில் அதே டிரைவர் பிரச்சினையைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தின் ஆரம்ப வருடங்களில், விண்டோஸோடு சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பலர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. லினக்ஸில் எஃப்.டி.டி.ஐ. டிரைவர் உள்ளேயே இருக்கும். "அனுமதி இல்லை" என்ற பிழை மட்டும் வரலாம். யுடெவ் விதி ஒன்றை எழுதினால் தீர்ந்தது.

அப்போ அந்த மாணவன் என்னதான் செய்வது? முதலில் கேபிளை மாற்றிப் பார்க்கட்டும். சார்ஜ் ஏற்ற மட்டுமே ஆன கேபிளில் தகவல் கம்பியே இருக்காது. பிறகு டிவைஸ் மேனேஜரில் பிழை எண்ணைப் பார்க்கட்டும். 28 என்றால் டிரைவர் இல்லை. 52 என்றால் கையெழுத்துத் தகராறு. 10 என்றால் போலியாகவும் இருக்கலாம். 43 என்றால் சாதனமோ கேபிளோ சரியில்லாமல் இருக்கலாம். அடுத்து சாதனத்தின் இரண்டு எண்களையும் பார்த்து, அதற்குரிய டிரைவரைத் தயாரிப்பாளரிடமிருந்தே எடுக்கட்டும். ஜாடிக் போட்டால் ஜேடேக் சானலை மட்டும் மாற்றட்டும். எதுவும் நடக்கவில்லை என்றால் ஒருமுறை லினக்ஸில் செருகிப் பார்க்கட்டும். இந்த வரிசை தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஆதிரெங்கம் என்று ஒரு ஊர். 2018 டிசம்பரில் மறைந்த நெல் ஜெயராமன், 2006 முதல் நெல் திருவிழா நடத்திய இடம். பாரம்பரிய விதை 2 கிலோ வாங்கிப் போகும் விவசாயி அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. விதை ஒருவர் பெட்டியில் பூட்டப்படக் கூடாது என்பதுதான் அதன் அடிப்படை. ஓப்பன்ஓசிடியும், லினக்ஸ் டிரைவரும், சக்தியும் அதே மாதிரி கைமாறி வளர்ந்தவைதான்.

மஞ்சள் குறியைச் சரிசெய்த மாணவன், தான் என்ன செய்தான் என்பதைத் தமிழில் நாலு வரி எழுதி வைத்தால் போதும். 2 கிலோ 4 கிலோவாகிவிடும்!