தராசும் காணிக்கையும்

லாபானிடம் இருபது ஆண்டுகள் மந்தை மேய்த்த யாக்கோபின் முறையீட்டை ஆதியாகமம் 31ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். பகலின் வெயிலையும் இரவின் குளிரையும் தாங்கியவன் யாக்கோபு. காட்டு விலங்குகளால் பீறுண்டவற்றின் நட்டத்தை ஏற்றவனும் அவனே. ஆனால் கூலியைத் தன் விருப்பம்போல் மாற்றி மாற்றி அமைத்தவன் லாபான். மேய்ப்பன் என்னும் உருவகத்தைக் கொண்டு நாம் எண்ணற்ற அருளுரைகள் ஆற்றியிருக்கிறோம். மேய்ப்பனுடைய உழைப்புக்கு விலை வகுப்பவர் யார் என்ற யாக்கோபின் வினாவையோ நாம் அரிதாகவே எழுப்புகிறோம். அமெரிக்க நாட்டில் மாடு வளர்ப்போரின் வாழ்வைக் காக்க எழுந்த ஒரு சட்டத்தின் வரலாறு இவ்வினாவை மீண்டும் நம்முன் வைக்கின்றது. அவ்வரலாற்றில் திருச்சபையும் இடம்பெறுவதால் நாம் அதனை அறிதல் நன்று.

சந்தையும் ஐந்து நிறுவனங்களும்

1865ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று சிக்காகோ நகரின் பெரும் மாட்டுச்சந்தை திறக்கப்பட்டது. மேற்குப் புல்வெளிகளில் வளர்ந்த மாடுகள் இரயில் வண்டிகளில் அங்கு வந்து குவிந்தன. 1870களின் இறுதியில் கஸ்டவஸ் ஸ்விஃப்ட் என்பார் குளிரூட்டிய இரயில் பெட்டிகளைப் பயன்படுத்தத் தொடங்கியபின், மாடுகளைச் சிக்காகோவிலேயே அறுத்து இறைச்சியைக் கிழக்கு நகரங்களுக்கு அனுப்புதல் எளிதாயிற்று. நாளடைவில் ஸ்விஃப்ட், ஆர்மர், மோரிஸ், வில்சன், கடஹி என்னும் ஐந்து நிறுவனங்கள் இத்தொழிலைத் தம் கைக்குள் கொண்டுவந்தன.

மந்தைக்காரரின் நிலையை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். பல நூறு மைல் கடந்து சந்தைக்கு வந்துவிட்ட மாட்டைத் திருப்பிக் கொண்டுசெல்ல இயலாது. ஒவ்வொரு நாளும் தீவனச் செலவு ஏறும்; மாட்டின் எடையோ குறையும். ஆகவே அன்று கேட்கப்படும் விலையே விலை. இந்நிலையில், வாங்குவோர் ஒருவரோடொருவர் போட்டியிடாதபடி தமக்குள் உடன்பாடு செய்துகொண்டனர் என்று அரசு வழக்குத் தொடுத்தது. சில நாள்கள் விலையை வேண்டுமென்றே உயர்த்திக் காட்டுவர். அச்செய்தியை நம்பி மந்தைகள் வந்து சேர்ந்தபின் விலையைத் தாழ்த்துவர் என்பதும் குற்றச்சாட்டுகளுள் ஒன்று. 1905இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்நிறுவனங்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. எனினும் அவற்றின் ஆதிக்கம் தளரவில்லை.

காணிக்கை எழுப்பிய கேள்வி

இதே காலத்தில் சிக்காகோவின் பிளிமத் சபைப் போதகர் ஃபிராங்க் கன்சாலஸ், தம்மிடம் பத்து இலட்சம் டாலர் இருந்தால் ஏழை இளைஞருக்குக் கல்வி நிலையம் அமைப்பேன் என்று அருளுரையில் கூறியதாகவும், அதைக் கேட்ட ஃபிலிப் ஆர்மர் அத்தொகையை அளிக்க முன்வந்ததாகவும் கூறுவர். 1893இல் ஆர்மர் கல்வி நிலையம் திறக்கப்பட்டது. கன்சாலசே அதன் முதல் தலைவரானார். ஸ்விஃப்ட்டின் மனைவி வழங்கிய கொடையால் எழுந்த கட்டடத்தில்தான் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் இறையியல் துறை 1926 முதல் இயங்கிவருகின்றது. இக்கொடைகள் நற்பயன் தந்தன என்பதை நாம் மறுக்கவில்லை. இறையியல் கல்வி பெறுவோர் அதனை மறுக்கவும் கூடாது. ஆயினும் மாடு விற்றவரின் தராசிலிருந்து குறைந்தது எவ்வளவு, ஆலயத்தின் காணிக்கைத் தட்டில் சேர்ந்தது எவ்வளவு என்று கேட்டவர் சிலரே.

அத்தகைய கேள்வி அக்காலத்தில் எழாமலும் இல்லை. 1905இல் எண்ணெய் வணிகர் ராக்பெல்லர் அமெரிக்கன் போர்டு மிஷன் சங்கத்திற்கு அளித்த ஓரிலட்சம் டாலரை ஏற்கலாகாது எனப் போதகர் வாஷிங்டன் கிளாடன் வாதிட்டார். நம் மதுரை மிஷனைத் தாங்கிய சங்கமும் அதுவே. சங்கம் பணத்தை ஏற்றுக்கொண்டது. கிளாடன் எழுப்பிய வினாவுக்கோ முழுமையான விடை கிடைக்கவில்லை.

1921ஆம் ஆண்டுச் சட்டம்

1917இல் குடியரசுத் தலைவர் வில்சன் வணிக ஆணையத்தை விசாரிக்கப் பணித்தார். ஐந்து நிறுவனங்களும் இறைச்சித் தொழிலோடு நில்லாது, சந்தை வளாகங்களிலும் குளிர்ப்பெட்டிகளிலும் ஆதிக்கம் பெற்றிருந்ததை ஆணையம் வெளிப்படுத்தியது. சந்தைகளின் உரிமையைக் கைவிட அவை 1920இல் இணங்கின. 1921 ஆகஸ்டு 15இல் இறைச்சி நிறுவனங்கள் மற்றும் மாட்டுச்சந்தைகள் சட்டம் நிறைவேறியது. நேர்மையற்ற வணிக முறைகளையும் விலையைச் சூழ்ச்சியால் மாற்றுவதையும் அது தடைசெய்தது. சந்தைக் கட்டணங்களும் தரகரின் செயல்களும் எடைத் தராசுகளும் அரசின் கண்காணிப்பின்கீழ் வந்தன. 1922இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்றது.

1975இல் ஒரு பெரிய இறைச்சி நிறுவனம் நொடித்துப்போக, மாடு விற்ற பலர் பணம் பெறாமல் தவித்தனர். அடுத்த ஆண்டே சட்டம் திருத்தப்பட்டு, வாங்கிய மாட்டிற்கு மறு வேலைநாள் முடிவதற்குள் பணம் செலுத்தவேண்டும் என்ற விதி சேர்க்கப்பட்டது. கூலியை விடியுமட்டும் நிறுத்திவைத்தலைத் தடுப்பதும், நியாயமான தராசை வற்புறுத்துவதும் லேவியராகமம் 19ஆம் அதிகாரத்திலேயே இருப்பதை நாம் இங்கே நினைவுகூர்கிறோம்.

ஆனால் சட்டம் நிலைத்திருக்க, சந்தை மீண்டும் சுருங்கியது. தானியம் ஊட்டிக் கொழுக்க வைத்த மாடுகளில் 1980இல் நான்கு பெரிய நிறுவனங்கள் வாங்கியவை ஏறத்தாழ 36 சதவீதம். பின்னர் அது 85 சதவீத அளவிற்கு உயர்ந்தது. பொதுச்சந்தையின் இடத்தில் தனி ஒப்பந்தங்கள் வந்தன. அவ்வொப்பந்தங்களால் விலை தாழ்த்தப்பட்டதென மாடு வளர்ப்போர் தொடுத்த வழக்கில், 2004இல் அலபாமாவில் நடுவர் குழு 128 கோடி டாலர் இழப்பீடு வழங்கவேண்டும் என்றது. நீதிபதி அம்முடிவைத் தள்ளிவிட்டார். 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் தீர்ப்பை உறுதிசெய்தது. 2006இல் உச்ச நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்தது.

மந்தைக்காரரைக் குற்றமற்றவராகக் காட்டுவது நம் நோக்கமன்று. அவர்களுடைய மேய்ச்சல் நிலங்கள் பல, செவ்விந்தியரிடமிருந்து பறிக்கப்பட்டவை. அநீதியால் நன்மை பெற்றவரும் பிறிதோர் அநீதிக்கு ஆளாகலாம். நீதியை நாடும் திருச்சபை இரண்டையும் காணவேண்டும்.

1908இல் அமெரிக்கத் திருச்சபைகளின் கூட்டவை வெளியிட்ட சமுதாய அறிக்கை ஆலைத் தொழிலாளரின் ஊதியத்தையும் ஓய்வையும் பேசிற்று. விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுவருவோரின் விலையைப் பேசவில்லை. 1932இல் அது திருத்தப்பட்டபோதுதான் உழவருக்குப் பொருளாதார நீதி வேண்டும் என்பது அதில் இடம்பெற்றது. இடைப்பட்ட 24 ஆண்டுகளில் 1921ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்துவிட்டது. திருச்சபை பின்னால் வந்து சேர்ந்தது.

நம் ஊர்ச் சந்தைகளில் தரகர்கள் துண்டுக்குள் விரல் பிடித்து மாட்டின் விலையைப் பேசும் வழக்கத்தை நாம் அறிவோம். துண்டுக்கு வெளியே நிற்கும் மாட்டுக்காரர் நம் சபையின் அங்கத்தினராக இருக்கக்கூடும். அறுப்பின் பண்டிகையில் அவர் கொண்டுவரும் காணிக்கையை மகிழ்வோடு ஏற்கிறோம். அவருடைய மாட்டிற்கு நேர்மையான விலை கிடைத்ததா என்று வினவுவதும் ஆயர் திருப்பணியே ஆகும்.