நீமோவும் மன்னார் முத்துக்குளிப்பும்: ஜூல்ஸ் வெர்னின் நாவலும் திரைப்படமும்

பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் (1828–1905) எழுதிய ‘கடலடியில் இருபதாயிரம் லீக்’ அறிவியல் புனைகதையின் முன்னோடி நாவல்களுள் ஒன்று. 1869 மார்ச் முதல் 1870 ஜூன் வரை தொடராக வெளிவந்தது. தலைப்பிலுள்ள லீக் கடலின் ஆழத்தை அன்று, பயணத்தின் தூரத்தைக் குறிக்கிறது. இந்நாவலைத் தழுவி வால்ட் டிஸ்னி நிறுவனம் 1954-இல் வெளியிட்ட திரைப்படம் பெரும் புகழ் பெற்றது. நாவலின் திருப்புமுனையான ஒரு நிகழ்வு, மண்டபம், இராமேசுவரம் கரைகளுக்குத் தெற்கே விரியும் மன்னார் வளைகுடாவில் நடக்கிறது. திரைப்படத்தில் அந்நிகழ்வு இல்லை. அதோடு நீமோவின் இந்தியத் தொடர்பும் விடுபட்டுவிட்டது.

நாவலில் மன்னார்

நாவலின் இரண்டாம் பாகத் தொடக்கத்தில், 1868 ஜனவரி இறுதியில், நாட்டிலஸ் நீர்மூழ்கிக் கப்பல் இலங்கையை அடைகிறது. பேராசிரியர் அரோனாக்ஸையும் அவருடைய தோழர்களையும் கேப்டன் நீமோ முத்துப் படுகைகளைக் காண அழைத்துச் செல்கிறார். முத்துக்குளிப்புப் பருவம் இன்னும் தொடங்கவில்லை. கடலடிக் குகையொன்றில், தேங்காய் அளவு முத்தைத் தன்னுள் வளர்த்துக்கொண்டிருக்கும் மாபெரும் சிப்பியை நீமோ காட்டுகிறார்.

திரும்பும் வழியில், பருவத்துக்கு முன்பே தனியாக வந்து முத்துக்குளிக்கும் ஏழை இந்தியர் ஒருவரைக் காண்கின்றனர். அவரைச் சுறா தாக்குகிறது. நீமோ கத்தியுடன் சுறாவை எதிர்கொள்கிறார். அவர் உயிருக்கு ஆபத்து நேரும்போது நெட் லேண்ட் ஈட்டியால் குத்திச் சுறாவைக் கொல்கிறான். மயங்கிய மனிதரைப் பிழைக்கவைத்து, அவர் கையில் முத்துப் பை ஒன்றையும் நீமோ கொடுக்கிறார். பின்னர் அரோனாக்ஸிடம், அம்மனிதர் ஒடுக்கப்பட்ட நாட்டைச் சேர்ந்தவர் என்றும், தானும் சாகும்வரை அத்தகையோரில் ஒருவனே என்றும் கூறுகிறார். உலகத்தோடு உறவை முறித்துக்கொண்டதாகச் சொல்லும் நீமோவின் மறுபக்கம் வாசகருக்கு இங்கேதான் தெளிவாகத் தெரிகிறது.

புனைவும் உண்மையும்

கால்களால் கல்லைப் பற்றி இறங்குவது, அரை நிமிட அளவே மூச்சடக்குவது, மூக்கிலும் காதிலும் இரத்தம் கசிவது என முத்துக்குளிப்போரின் பாடுகளை வெர்ன் நூல்கள் வழியாகவே அறிந்து எழுதினார். கல்லின் துணையோடு இறங்குவது இக்கரையின் உண்மையான வழக்கம். ‘பார்’ எனப்படும் முத்துப் படுகைகளில் நடந்த ‘சலாபம்’ என்னும் முத்துக்குளிப்புக்குத் தூத்துக்குடி, கீழக்கரை போன்ற ஊர்களிலிருந்து பரதவரும் முஸ்லிம்களும் சென்றனர். சுறாக்களை மந்திரத்தால் கட்டுவதாக நம்பப்பட்ட ‘கடல்கட்டி’களும் உடன் இருந்தனர்.

தேங்காய் அளவு முத்து கற்பனையின் மிகை. இக்கடலின் புகழ்பெற்ற முத்துகள் சிறிய முத்துச்சிப்பிகளில் விளைபவை. மாபெரும் சிப்பிகளில் உண்டாகும் முத்துக்கு அந்த ஒளி இருப்பதில்லை. ஆனால் பிறருடைய செல்வத்துக்காக உயிரைப் பணயம் வைக்கும் உழைப்பாளி என்ற சித்திரம் மிகையன்று.

நீமோ யார்?

தொடக்கத்தில் நீமோவை, ரஷ்யர்களிடம் குடும்பத்தை இழந்த போலந்துப் பிரபுவாகவே வெர்ன் எண்ணியிருந்தார். ரஷ்யச் சந்தையை இழக்க விரும்பாத பதிப்பாளர் ஹெட்சல் அதை ஏற்கவில்லை. எனவே முதல் நாவலில் நீமோவின் நாடு சொல்லப்படவில்லை. 1874–75-இல் வெளிவந்த ‘மர்மத் தீவு’ நாவலில், அவர் பந்தேல்கண்ட் இளவரசர் தக்கார் என்றும், 1857 கிளர்ச்சியில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டவர் என்றும் தெரியவருகிறது. அதன்பின் மன்னார் நிகழ்வைத் திரும்பப் படித்தால், நீமோ காப்பாற்றியது தன் சொந்த நாட்டவரை என்று புரியும்.

திரைப்படங்களின் மாற்றங்கள்

1916-இல் ஸ்டூவர்ட் பேட்டன் இயக்கிய மௌனப்படம் இரு நாவல்களையும் இணைத்து, நீமோவை இந்திய இளவரசராகவே காட்டியது. ரிச்சர்ட் ஃப்ளைஷர் இயக்கிய 1954 படத்தில் ஜேம்ஸ் மேசன் நீமோவாக நடித்தார். இதில் அவர் ‘ரூரா பெந்தே’ என்ற கற்பனைச் சிறைத்தீவில் அடிமையாக உழன்று தப்பியவர். அவரைக் கொடுமைப்படுத்திய நாட்டின் பெயர் சொல்லப்படுவதில்லை.

அறிவியலும் மாறியது. நாவலின் நாட்டிலஸ் மின்சாரத்தால் இயங்குகிறது. படமோ அணு ஆற்றலைக் குறிப்பால் உணர்த்துகிறது. அமெரிக்காவின் முதல் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல், அதே நாட்டிலஸ் பெயரில், 1954 ஜனவரியில்தான் கடலில் இறக்கப்பட்டது. நாவலின் முடிவில் நாட்டிலஸ் நார்வே கடற்சுழலில் மறைகிறது. நீமோவின் கதி தெரிவதில்லை. படத்தில் நீமோ சுடப்பட்டு இறக்கிறார். அவருடைய தீவு அணுகுண்டை நினைவூட்டும் வெடிப்பில் அழிகிறது.

மதிப்பீடு

சிறப்புத் தந்திரக் காட்சிகளுக்கும் கலை இயக்கத்துக்கும் ஆஸ்கார் விருதுகள் பெற்ற இப்படம், தன் காலத்தின் அணு அச்சத்தைத் திறம்படப் பேசியது. அடிமை உழைப்பின் கொடுமையையும் அது கைவிடவில்லை. ஆனால் அக்கொடுமை கற்பனைத் தீவுக்கு இடம்பெயர்ந்தது. நீமோவின் சினம் தன் குடும்பத்துக்கு இழைக்கப்பட்ட கொடுமைக்கான தனிமனிதப் பழியுணர்வாகச் சுருங்கியது. வெர்னின் நாவல் அச்சினத்தைப் பெயருள்ள ஒரு கடலில், காலனி ஆட்சியின் கீழ் உழைத்த ஒரு மனிதரின் அருகில் வைத்துக் காட்டியது. படத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு நீமோவையும் மன்னார் வளைகுடாவையும் இணைக்கும் இந்த இழை தெரிய வாய்ப்பில்லை.