பூஜ்ஜியத்துக்குக் கீழே

என் முதல் மந்திரவாதிக்கு 3 உயிர்ப்புள்ளிகள்தான் இருந்தன. இருட்டிலிருந்து ஒரு கோப்ளின் அம்பு விட்டது. ஆட்டத்தை நடத்திய நண்பன் ஆறுமுகப் பகடையை உருட்டினான். 4 விழுந்தது.

"செத்துட்டடா."

"டேய், இன்னும் பேர்கூட வைக்கல."

"அப்ப ரொம்ப நல்லது. புதுசா ஒண்ணு போடு."

நாங்கள் ஆடியது 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் 1981 பதிப்பு. அதற்கு முன் ஒரு வருடம் முழுக்க 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பை ஆடியிருந்தோம். அந்த ஒரு வருடத்தில் எங்களில் ஒருவர்கூடச் சாகவில்லை. பெட்டியின் மேல் இருப்பது அதே பெயர்தானே என்று எனக்குக் கோபம். அந்தக் கோபத்தில்தான் பழைய விதிப்புத்தகங்களைப் புரட்ட ஆரம்பித்தேன்.

ஆடிப் பார்க்காதவர்களுக்கு: மேசையைச் சுற்றி நாலைந்து பேர். ஒருவர் உலகத்தை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து "நான் கதவைத் திறக்கிறேன்" என்பார்கள். நடக்குமா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். அடிபட்டால் உயிர்ப்புள்ளி குறையும். அது பூஜ்ஜியத்தைத் தொட்டால்? இந்த ஒரு கேள்விக்குப் பதிப்புக்குப் பதிப்பு பதில் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

தொடக்கம் போர் விளையாட்டில். 1971இல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரெனும் எழுதிய 'செயின்மெயில்', பொம்மைப் படைகளை மோதவிடுவதற்கான விதிகள். சாதாரணச் சிப்பாய்க்கு ஒரு அடி, ஒரு சாவு. பொம்மையை எடுத்து ஓரமாக வைத்துவிடலாம், யாருக்கும் வருத்தமில்லை. மினசோட்டாவில் டேவ் ஆர்னஸன் தன் நண்பர்களுக்கு ஆளுக்கு ஒரே ஒரு பாத்திரத்தைக் கொடுத்தபோதுதான் சிக்கல் வந்தது. இருப்பது ஒரு உயிர். அது ஒரே அடியில் போனால் மனசு கேட்குமா? ஆர்னஸன் தன்னுடைய கப்பல் போர் விதிகளிலிருந்து ஒரு கணக்கை எடுத்துவந்தார். கப்பல் ஒரே குண்டில் மூழ்காது, இத்தனை தாங்கும் என்று ஒரு எண் உண்டு. அதை மனிதனுக்கு வைத்ததுதான் உயிர்ப்புள்ளி. சாவைத் தள்ளிப்போடத்தான் அந்த எண்ணே உள்ளே வந்தது.

1974இல் பெட்டிக்குள் மூன்று சின்னப் புத்தகங்களாக முதல் பதிப்பு வந்தது. பூஜ்ஜியம் என்றால் சாவு. ஆனால் புது ஆளை உருவாக்கப் பத்து நிமிடம் போதும்: மூன்று பகடை, ஆறு முறை, ஒரு பெயர். அதைவிட முக்கியமானது, அனுபவப் புள்ளிகள் பெரும்பாலும் புதையலிலிருந்துதான் வந்தன, கொலையிலிருந்து அல்ல. எனவே சண்டை என்பதே நஷ்டக் கணக்கு. பத்தடிக் கழியால் தரையைத் தட்டிப் பார்த்தார்கள், பந்தம் பிடிக்கக் கூலிக்கு ஆள் வைத்தார்கள், பேரம் பேசினார்கள், ஓடினார்கள். பழைய ஆட்டக்காரர்கள் வீரர்கள், இன்றைய பிள்ளைகள் பயந்தவர்கள் என்று சிலர் பெருமை பேசுவது எனக்குச் சிரிப்பாக இருக்கும். அந்த விதிகள் வளர்த்தது வீரத்தை அல்ல, கஞ்சத்தனமான எச்சரிக்கையை.

1979இல் கைகாக்ஸே கொஞ்சம் இறங்கி வந்தார். பூஜ்ஜியத்தில் மயக்கம், பிறகு சுற்றுக்கு ஒரு புள்ளி கசியும், மைனஸ் பத்தில் சாவு. பிழைத்தவன் ஒரு வாரம் படுத்தே கிடக்க வேண்டும். எல்லாப் பதிப்புகளிலும் எனக்குப் பிடித்த விதி அந்த ஒரு வாரம்தான்.

1984இல் 'டிராகன்லான்ஸ்' சாகசங்கள் வந்தன. இப்போது கையில் இருப்பது பெயர் வைக்காத மந்திரவாதி இல்லை. பெரிய கதையொன்றின் நாயகர்கள். அவர்கள் பாதியில் செத்தால் கதை என்ன ஆவது? முக்கியமானவர் செத்தால் உடல் கிடைக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள், பிறகு திரும்பி வரலாம் என்று ஆட்டத்தை நடத்துபவருக்கே அதில் யோசனை சொல்லப்பட்டது. மலையிலிருந்து விழுந்தவரின் பிணத்தைக் காட்டாத நம்ம சினிமா உத்தியேதான்.

2000இல் மூன்றாம் பதிப்பு. திறன்கள், தனிச்சிறப்புகள் என்று ஒரு பாத்திரத்தை உருவாக்க ஒரு மாலைப் பொழுதே போய்விடும். சாவு மட்டும் அதே மைனஸ் பத்தில் நின்றது. பெரிய அரக்கனின் ஓர் அடியே முப்பது நாற்பது புள்ளி என்னும்போது, அந்தப் பத்து எந்த மூலைக்கு? 2008இல் நான்காம் பதிப்பு சாவுக்கென்றே தனிப் பகடை கொண்டுவந்தது. 2014இல் மைனஸ் கணக்கே போய்விட்டது. பூஜ்ஜியத்தில் விழுந்தவர் தன் முறை வரும்போதெல்லாம் இருபதுமுகப் பகடையை உருட்டுவார். 10 அல்லது அதற்கு மேல் என்றால் வெற்றி. மூன்று வெற்றி வந்தால் நிலைமை சீராகும், மூன்று தோல்வி என்றால் சாவு.

காகிதத்தில் இது அழகு. உருட்டும்போது மேசையே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அறுபதடி தள்ளி நின்று ஒருவர் குணமாக்கும் மந்திரம் சொல்லி ஒரே ஒரு புள்ளி கொடுத்தாலும் விழுந்தவர் எழுந்து வாள் வீசலாம். அதனால் எங்கள் வைத்தியக்காரன் அடிபட்டவனைக் கவனிக்கவே மாட்டான், "விழட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்பான். ஒரே சண்டையில் எங்கள் போர்வீரன் மூன்று முறை விழுந்து எழுந்தான். மூன்றாம் முறை யாரும் கைப்பேசியிலிருந்து நிமிரக்கூட இல்லை.

அதனால்தான் 1981க்குப் போனோம். இரண்டாவது மந்திரவாதிக்கு 2 புள்ளிகள்தான் கிடைத்தன, முன்னவனைவிட மோசம். பந்தம் பிடிக்க ஒருவனைக் கூலிக்கு வைத்தேன். முதல் வேலையாக இருவருக்கும் பெயர் வைத்தேன். பந்தக்காரன் அடுத்த வாரமே போய்ச் சேர்ந்தான்.

மந்திரவாதி இப்போது மூன்றாம் நிலை, 7 புள்ளிகள். எந்தக் கதவைத் திறக்கும் முன்பும் காதை வைத்துக் கேட்கிறான்.