சுவருக்குள் ஒரு காலிக் குழாய்!

புதுவீடு கட்டியவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். டைல்ஸ் வாங்கிய கடை, கதவுக்குப் போட்ட தேக்கு, பெயின்ட்டின் நம்பர்... எல்லாம் மனப்பாடமாக வரும். ‘சரி, இந்தச் சுவருக்குள் ஒயர் எந்தப் பக்கமாகப் போகுது?’ என்று கேளுங்கள். ‘அது எலெக்ட்ரீஷியனுக்குத்தான் தெரியும்!’ என்பார்கள். ஆணி அடிக்கும் நாளில் அந்த எலெக்ட்ரீஷியன் எந்த ஊரில் இருப்பாரோ!

இந்தச் சங்கடம் இன்று நேற்று வந்ததல்ல. மின்சாரம் வீட்டுக்குள் காலடி வைத்த அன்றே வந்துவிட்டது.

1882. நியூயார்க், மேடிசன் அவென்யூ. கோடீஸ்வர வங்கியாளர் ஜே.பி.மோர்கன் தன் வீட்டில் எடிசனின் பல்புகளைப் போட்டுக்கொண்டார். ஊருக்கே பொதுவான மின்சாரம் அப்போது வரவில்லை. ஆகவே, வீட்டின் பின்பக்கம் நிலவறை தோண்டி, நீராவி இன்ஜினும் ஜெனரேட்டரும் வைத்தார்கள். அதை ஓட்ட ஒரு இன்ஜினீயர். இரவு பதினொரு மணிக்கு அவர் வேலை முடிந்தால், வீடே இருட்டு! அந்தச் சத்தம் தாங்காமல் பக்கத்து வீட்டு அம்மா சண்டைக்கு வந்தது தனிக் கதை.

மோர்கனுக்குப் படிப்பறை மேஜையிலும் ஒரு விளக்கு தேவைப்பட்டது. எடிசனின் வலதுகரமான எட்வர்ட் ஜான்சன் அதை அமைத்துக் கொடுத்தார். கண்ணை உறுத்தாமல் ஒயரை ஒளித்தாயிற்று. பார்க்க ரொம்ப அழகு! ஆனால், ஒருநாள் அங்கேயே தீப்பிடித்தது. மேஜையும் கம்பளமும் கருகிப்போயின.

‘தப்பு மின்சாரத்தில் இல்லை, என் வேலையில்தான்’ என்று ஜான்சன் ஒப்புக்கொண்டதாக, மோர்கனின் மருமகன் எழுதிய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. மோர்கனும் பெருந்தன்மையாகத் திரும்பச் செய்யச் சொல்லிவிட்டார்.

அதே 1882-ல், லண்டனில் தந்தி இன்ஜினீயர்கள் சங்கம் மின்விளக்குகளால் தீ விபத்து வராமலிருக்க முதல் விதிமுறைகளை வெளியிட்டது. அதில் ஒரு விதியைக் கவனியுங்கள்... தரைக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல் ஒயர் போனால், அதற்கு அடிபடாத பாதுகாப்பு வேண்டும். அது போகும் இடத்துக்கு அடையாளமும் வேண்டும். ஒளிக்கலாம், ஆனால் தொலைக்கக் கூடாது!

ஜான்சனும் பாடம் கற்றார். சில ஆண்டுகள் கழித்து, ஒயர்களுக்கான குழாய்கள் செய்யும் கம்பெனிக்கே தலைவரானார். தார் போன்ற கலவையில் ஊறவைத்த காகிதக் குழாய்கள் அவை. கட்டடம் எழும்பும்போதே வெறும் குழாயை மட்டும் பதித்துவிட வேண்டும். ஒயரை அப்புறம் இழுத்துக்கொள்ளலாம். பழுதானால் உருவி எடுத்துவிட்டு வேறு போடலாம். சுவரை உடைக்கவே வேண்டாம்!

காகிதம் போய் இரும்பு வந்தது. அப்புறம் நம் பி.வி.சி. பைப். நம்மூர்ப் பழைய வீடுகளில் மர ரீப்பர் மேல் கிளிப் அடித்து ஒயர் ஓடும். அழகில்லைதான், ஆனால் எங்கே போகிறது என்று குழந்தைக்கும் தெரியும். ‘கன்சீல்டு’ வந்தபிறகு அழகு கூடியது, ஞாபகம் குறைந்தது.

வீடு கட்டப்போகிறீர்களா? கூரைக்குக் கான்க்ரீட் போடுவதற்கு முன்னால் ஒருநாள் போய் நில்லுங்கள். மாடி எடுக்கும் எண்ணமிருந்தால் மேலே ஒரு பைப். சோலார் வரலாம், மொட்டைமாடியிலிருந்து மீட்டர் வரைக்கும் ஒன்று. கார் நிறுத்துமிடத்துக்கு ஒன்று. உள்ளே ஒயர் வேண்டாம், இழுக்க ஒரு கம்பி மட்டும் விட்டு, இரு வாயையும் மூடச் சொல்லுங்கள். பைப் சுவரில் நேராகத்தான் ஏறி இறங்க வேண்டும், குறுக்கே சாய்ந்து ஓடக் கூடாது. பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுங்கள், பக்கத்தில் அளவு டேப்பை வைத்து. வீட்டுப் பத்திரத்தோடு அதையும் சேர்த்து வையுங்கள்.

‘காலிப் பைப்புக்கு எதுக்கு சார் செலவு?’ என்று மேஸ்திரி கேட்பார். அவருக்கு மோர்கனின் மேஜைக் கதையைச் சொல்லுங்கள். உங்கள் பேரன் என்ன மெஷின் வாங்கப்போகிறான் என்று உங்களுக்குத் தெரியாது. அவனுக்கு வழி மட்டும் விட்டுவைக்கலாமே!