காதுக்குப் புதுசு, காலுக்குப் பழசு

வைப்பாற்றங்கரை வரலாறு – 31

சென்ற வாரம் சங்கு வளையலில் நிறுத்தியிருந்தோம். வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில் விஜயகரிசல்குளம் மேட்டுக்காட்டில் 2022 மார்ச்சில் தமிழ்நாடு தொல்லியல் துறை குழி இறக்கியபோது, சங்கு வளையல்களும் அறுத்துப் போட்ட சங்குத் துண்டுகளும் சேர்ந்தே கிடைத்தன. வளையல் மட்டும் கிடைத்திருந்தால் யாரோ வாங்கி வந்து போட்டுக்கொண்டார்கள் என்று சொல்லிவிடலாம். அறுத்த கழிவும் கிடைத்ததால் இங்கேயே பட்டறை இருந்திருக்கிறது என்று ஆகிறது. சங்கு மன்னார் வளைகுடாவின் சரக்கு. அதை அறுத்து, இழைத்து, கைக்கு அளவாக்கியது வைப்பாற்றங்கரைக் கை.

அதே கடலைத் தாண்டி, வெகு காலத்துக்குப் பிறகு இன்னொரு சரக்கும் இந்தக் கரிசலுக்கு வந்தது. எடை கிடையாது, சுங்கம் கிடையாது, எந்தக் குழி தோண்டினாலும் தடயம் கிடைக்காது. அது பாட்டு. அதிலும் ஒரு பாட்டு, ஒரு பாடகர். இந்த வாரம் அவர் கதை.

எழுபதுகளின் பிற்பகுதியில் எங்கள் தெருவில் திண்ணைக்குத் திண்ணை பெண்கள் தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வாங்கி வந்த வேலை நடக்கும். பெட்டி ஒட்டுவார்கள், குச்சி அடுக்குவார்கள். கை ஓட வேண்டுமென்றால் காதுக்கு ஏதாவது வேண்டும். எங்கள் அத்தை வீட்டு டிரான்சிஸ்டரைத் திண்ணை ஜன்னலில் வைத்தால் ஆறேழு வீட்டுக்குப் போதும். முள் நின்ற இடம் பெரும்பாலும் கொழும்பு. அங்கிருந்துதான் ஒரு நாள் ஒரு ஆண் குரல் ‘சுராங்கனி’ என்று ஒருத்தியைக் கூப்பிட ஆரம்பித்தது. அப்பத்தா நிமிர்ந்து, “என்ன பாசைய்யா இது?” என்று கேட்டாள். பதில் யாருக்கும் தெரியவில்லை. ஆனால் அவள் கால் கட்டைவிரல் ஆடிக்கொண்டிருந்தது.

கூப்பிட்டவர் ஏ.ஈ. மனோகரன். இலங்கைக்காரர்களுக்குப் ‘பொப்பிசைச் சக்கரவர்த்தி’, தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ‘சிலோன் மனோகர்’.

கொழும்பு வானொலி இங்கே ஏன் அப்படிக் கேட்டது என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று இயற்கை. மத்திய அலை வரிசை உலர்ந்த நிலத்தின் மீது போவதைவிட உப்புத் தண்ணீரின் மீது வெகு தூரம் வலுக் குறையாமல் போகும். நமக்கும் இலங்கைக்கும் நடுவே கிடப்பது உப்புத் தண்ணீர்தான். இன்னொன்று அரசியல். 1952-இல் மத்திய ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு தரக்குறைவு என்று முடிவு கட்டி அகில இந்திய வானொலியில் அதை அடக்கி வைத்தார். 1950-இலேயே வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கியிருந்த ரேடியோ சிலோனுக்கு அது வலிய வந்த சீதேவி. டெல்லி தவறை உணர்ந்து 1957-இல் விவித்பாரதியைத் தொடங்குவதற்குள் தெற்கத்தி வீடுகளின் முள் கொழும்புக்குப் பழகிவிட்டது. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் ஆகியோரின் குரல்கள் சாத்தூர், சிவகாசிப் பக்கம் சொந்தக்காரர் குரல்களைப் போலத் தெரிந்தவை. சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே அவர்கள் ஒரு புதுச் சரக்கையும் அவ்வப்போது செருகினார்கள். அங்கே அதற்குப் பெயர் பொப் பாடல்.

அதன் விதை அறுபதுகளின் கடைசியில் விழுந்தது. யாழ்ப்பாணத்து உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம், அம்பாறையில் படித்துக்கொண்டிருந்தபோது கிதாரை வைத்துக்கொண்டு நண்பர்களுக்காகப் பாடிய ‘சின்ன மாமியே’, ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ போன்ற பாட்டுகள் கல்லூரி மேடையிலிருந்து ஊர் மேடைக்கும் அங்கிருந்து வானொலிக்கும் ஏறின. இலக்கியத் தமிழ் இல்லை. வீட்டில் பேசுகிற யாழ்ப்பாணத் தமிழ், அதில் மாமியும் கள்ளும் கேலியும். ராமச்சந்திரன், அமுதன் அண்ணாமலை, ஸ்டான்லி சிவானந்தன், முத்தழகு என்று ஒரு வரிசையே பின்னால் வந்தது. சினிமாவை நம்பாமல் தமிழ்ப் பாடகர்கள் மேடையிலும் இசைத்தட்டிலும் பெயர் எடுத்த அபூர்வமான காலம் அது. இந்தக் கரையில் அப்போது அப்படியொரு வாசல் கிடையாது. சினிமாவில் பாடினால்தான் பாடகர்.

இந்த வரிசையில் மனோகரன் தனியாகத் தெரிந்ததற்கு அவர் குரல் மட்டும் காரணமில்லை. அவர் அடிப்படையில் நடிகர். 1966-இல் வந்த ‘பாச நிலா’ என்ற இலங்கைத் தமிழ்ப் படத்திலேயே நடித்தவர். செங்கை ஆழியானின் நாவலைத் தழுவி 1978-இல் வந்த ‘வாடைக்காற்று’ படத்திலும் அவர் உண்டு. அதனால் மேடையில் நின்று பாடவில்லை, ஆடிப் பாடினார். தாடியும் சுருட்டை முடியுமாக அவர் இடுப்பை அசைத்தால் கூட்டமும் அசையும். அவர் கையில் எடுத்தது பைலா.

பைலாவின் வம்சாவளியைக் கொஞ்சம் பார்த்துவிடலாம், ஏனென்றால் அது நம் வீட்டு ஜன்னல் வரைக்கும் வருகிறது. போர்த்துக்கீசிய மொழியில் ‘பைலார்’ என்றால் ஆடுவது. 1505-இல் இலங்கைக் கரையில் இறங்கிய போர்த்துக்கீசியரும், அவர்களோடு கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரும் விட்டுச் சென்ற ஆட்டப் பாட்டுக்குக் ‘காப்பிரிஞ்ஞா’ என்று பெயர். வயலின், மேளம், விடிய விடிய ஆட்டம். 1940-களில் போலீஸ் உத்தியோகத்தில் இருந்த வோலி பாஸ்டியன் அதில் சிங்கள வார்த்தைகளை ஏற்றி ஊருக்குப் பொதுவாக்கினார். பின்னால் வந்த எம்.எஸ். பெர்னாண்டோவுக்குப் பைலாச் சக்கரவர்த்தி என்றே பட்டம். மனோகரன் அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். முழுக்க மாற்றவும் இல்லை. சிங்களப் பல்லவியை அப்படியே நிறுத்தி, சுற்றிலும் தமிழைக் கட்டினார்.

இதே போர்த்துக்கீசியர்தான் 1530-களில் முத்துக்குளித்துறைக் கரையிலும் காலூன்றியவர்கள். அவர்கள் கப்பல் போய் முந்நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகிறது, வார்த்தைகள் போகவில்லை. அத்தை டிரான்சிஸ்டரை வைத்த ஜன்னல் அவர்களுடையது. அலமாரியும் சாவியும் அவர்களுடையவை. தீப்பெட்டி ஆபீஸில் நம்மை விரட்டும் மேஸ்திரியும் அவர்கள் மொழியிலிருந்து வந்தவர்தான். ஜன்னல் நமக்கு அந்நியமாகத் தெரியாதபோது, அதில் உட்கார்ந்து பாடிய பைலா மட்டும் எப்படி அந்நியமாகும்?

இசைக்குள்ளேயே இன்னொரு காரணம் இருக்கிறது. பைலாவின் ஓட்டம் மேல்நாட்டுக் கணக்கில் ஆறுக்கு எட்டு. மும்மூன்றாகப் பிரிந்து உருளும் தாளம். நம் தவில்காரரிடம் சொன்னால் ‘தகிட தகிட, திஸ்ர நடை’ என்பார். நையாண்டி மேளம் சூடு பிடிக்கும்போது கரகக்காரி கால் மாற்றுவது பெரும்பாலும் அந்த நடையில்தான். ஒயிலாட்டத்திலும் அது உண்டு. அப்பத்தாவின் கட்டைவிரல் ஏன் ஆடியது என்பது இப்போது புரிகிறது. பாஷை காதுக்குப் புதுசு, தாளம் காலுக்குப் பழசு.

பாட்டின் சேதியும் எளிது. சுராங்கனிக்கு ஒருவன் மீன் கொண்டு வந்திருக்கிறான். ‘மாலு’ என்றால் சிங்களத்தில் மீன். தூத்துக்குடி மீன் சைக்கிளில் ஐஸ் கரைய வந்து சேரும் ஊருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அர்த்தம் தெரிந்த பிறகு எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவந்தவருக்கே ‘சுராங்கனி’ என்று பெயர் விழுந்தது. அவர் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. வியாபாரம் கூடியது என்றுதான் நினைக்கிறேன்.

அந்தக் காலத்தில் சென்னையில் பாப் இசை இல்லாமலா இருந்தது? இருந்தது. மவுண்ட் ரோட்டில் சபையர் தியேட்டர் வளாகத்தின் ‘நைன் ஜெம்ஸ்’ விடுதியில் 1969-இல் பட்டுப்புடவையும் பெரிய பொட்டுமாக ஒரு தமிழ்ப் பெண் ஆங்கிலப் பாட்டுப் பாடினார். உஷா அய்யர், பின்னாளில் உஷா உதுப். பம்பாயில் பிறந்து வளர்ந்தவர். சிறுமியாக அவர் முதலில் பாடியதும் இதே ரேடியோ சிலோனுக்காகத்தான், அமீன் சயானியின் ஏற்பாட்டில். சென்னையிலிருந்து பம்பாய், கல்கத்தா, டெல்லி விடுதிகள் என்று ஏறி, ஹிந்தி சினிமாவுக்குப் போய், 1975-இல் ‘மேல்நாட்டு மருமகள்’ படத்தில் தமிழுக்கும் வந்தார். 2024-இல் பத்மபூஷண். நீண்ட, மரியாதையான பயணம். ஆனால் எழுபதுகளின் வெம்பக்கோட்டைக்கு அவர் யாரென்று தெரியாது. விடுதிப் பாட்டைக் கேட்க மவுண்ட் ரோட்டுக்குப் போக வேண்டும், கையில் காசும் காலில் ஷூவும் வேண்டும். மனோகரனைக் கேட்க டிரான்சிஸ்டருக்கு பேட்டரிக் கட்டை இருந்தால் போதும். பாப் இசை நம் ஊருக்கு வந்தது தலைநகர் வழியாக அல்ல, கடல் வழியாக.

அடுத்த திருப்பம் 1977. ஜெய்சங்கர் நடித்த ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா சுராங்கனியைச் சேர்த்தார். ‘அன்னக்கிளி’ வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. பாடியவர் மலேசியா வாசுதேவன், உடன் ரேணுகா. கணக்குப் போட்டுப் பாருங்கள்: போர்த்துக்கீசியப் பெயர் கொண்ட ஆட்டம், ஆப்பிரிக்கர் கால், சிங்களப் பல்லவி, யாழ்ப்பாணத் தமிழ், மலேசியாவில் பிறந்த பாடகர், பண்ணைப்புரத்துக்காரரின் வாத்தியக் கோர்வை. இத்தனை கை மாறிய பொருள் சந்தையில் நிற்குமா என்று கேட்டால், நின்றது. இருக்கன்குடி ஆடிக் கடைசி வெள்ளிக்கு வண்டி கட்டிப் போகிற வழியெல்லாம் கூம்புக் குழாய்களில் அதுதான். பொங்கல் சாட்டிய ஊர்களில் ரெக்கார்டு டான்ஸ்காரர்கள் அதை விட்டால் மேடையே ஏற மாட்டார்கள். மைக் செட்டுக்காரர் இசைத்தட்டைத் தேய்த்துத் தேய்த்து முள் எகிறும். எகிறிய இடத்தில் கூட்டமே பாடி நிரப்பிவிடும்.

சினிமா பாட்டை எடுத்துக்கொண்டது, பாடகருக்கு அதனால் என்ன கிடைத்தது? மனோகரன் தமிழ்நாட்டுக்கு வந்தார். மேடைக் கச்சேரிகள் செய்தார், ஒரே மேடையில் பல மொழிகளில் சுராங்கனியைப் பாடினார். ஆனால் கோடம்பாக்கம் அவருக்குக் கொடுத்தது மைக்கை அல்ல, கத்தியை. தமிழ், மலையாளம், தெலுங்கு, ஹிந்திப் படங்களில் தாடி வைத்த வில்லனாகவும் அடியாளாகவும் வந்து அடி வாங்கினார். திரையில் அவரைப் பார்த்த எங்கள் ஊர்ப் பையன்கள் பலருக்கு, ஜன்னலில் கேட்ட குரல் இவருடையது என்று தெரியாது. தமிழ் சினிமாவில் பாடகன் வேறு, ஆடுகிறவன் வேறு. பாடுகிறவனே ஆடவும் செய்கிற பைலாக்காரனை வைப்பதற்கு அங்கே அலமாரியில் தட்டு இல்லை.

அதற்குள் இலங்கையில் பாட்டு நின்றுவிட்டது. 1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பிறகு இரண்டு மொழியை ஒரே பாட்டில் கட்டிப் பாடும் மனசு அந்தத் தீவில் யாருக்கும் மிச்சமில்லை. பாடியவர்களும் கேட்டவர்களும் சிதறினார்கள். நித்தி கனகரத்தினம் ஆஸ்திரேலியா போனார். கே.எஸ். ராஜா 1989-இல் கொழும்பில் கொல்லப்பட்டார். டொராண்டோவின் ஸ்கார்பரோ மண்டபங்களில் கல்யாண இரவு முடிகிற நேரத்தில் இன்றைக்கும் பைலா போடுகிறார்கள். பனியில் பிறந்த பேரப்பிள்ளைகள், பார்த்திராத கடலின் சுராங்கனிக்காக ஆடுகிறார்கள். எந்தச் சண்டைக்கு முன்னால் பிறந்த பாட்டு அது என்று அவர்களுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

மனோகரன் 2018 ஜனவரி 22 அன்று சென்னையில் காலமானார். வயது 73. பத்திரிகைகள் ‘சுராங்கனி புகழ்’ என்ற அடைமொழியோடு செய்தி போட்டன. ஒரு பாட்டை ஆயுள் முழுக்கச் சுமந்தவருக்கு அது பாராட்டா, பாரமா என்று அவரைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

சில வருஷத்துக்கு முன்பு எங்கள் பக்கத்து ஊர்ப் பங்குனிப் பொங்கலில் நையாண்டி மேளம். சாமி ஊர்வலம் முச்சந்தியில் நின்றபோது, நாகஸ்வரக்காரர் மகுடி, தெம்மாங்கு எல்லாம் முடித்துவிட்டுச் சட்டென்று சுராங்கனிக்கு வந்தார். தவில் தகிட தகிட என்று ஏந்திக்கொண்டது. வாசிப்பு முடிந்து டீ குடிக்க ஒதுங்கியவரிடம், “இதை எந்தப் படத்துல இருந்து பிடிச்சீங்க?” என்று கேட்டேன்.

முப்பது வயதுக்குள் இருக்கும் அவருக்கு. என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“படமா? இல்லண்ணே. இது எங்க தாத்தா வாசிச்ச மெட்டு.”

(தொடரும்)