ஒரே மூளையில் சீனமும் ஆங்கிலமும்

வளர்ந்தபின் கற்ற இரண்டாம் மொழி, மூளையின் புரோக்கா பகுதியில் முதல்மொழியினின்று விலகிய இடத்தில் இயங்குவதாக 1997இல் நியூயார்க் ஆய்வாளர்கள் அறிவித்தனர். அவ்வாறாயின், சொல்லுருக்களால் எழுதப்படும் சீனமும் ஒலியெழுத்துகளால் எழுதப்படும் ஆங்கிலமும் மேலும் விலகி நிற்குமோ என நாம் வினவலாம்.

1966 முதல் உயர்நிலைப் பள்ளிகளில் இரண்டாம் மொழி கட்டாயமான சிங்கப்பூரில், 1999இல் இதற்கொரு விடை கிடைத்தது. மைக்கேல் சீயும் உடனாய்வாளர்களும், இருமொழியாளர் 24 பேருக்குச் சொல்லின் ஒரு பகுதியைக் காட்டி, முழுச்சொல்லை ஆக்கச் செய்து, காந்த ஒத்ததிர்வுப் படக்கருவியால் மூளையை நோக்கினர். 6 வயதுக்குள் இருமொழியும் அறிந்தோரிடத்தும், 12 வயதுக்குப் பின் இரண்டாம் மொழி கற்றோரிடத்தும், அம்மொழிகள் பெரும்பாலும் ஒரே பகுதிகளையே இயக்கின.

அவர்கள் அனைவரும் இருமொழியிலும் சரளமானவர்கள் என்பதை நாம் மறத்தலாகாது. ஆயினும், பிந்திக் கற்கும் மாணவரைக் கைவிட மூளையைக் காரணம் காட்ட நமக்கு இடமில்லை.