தட்டிப் பார்க்காத ஜாடி: எச்-1பி விசா பிறந்த கதை

விருத்தாசலத்தில் பீங்கான் ஜாடி வாங்கப் போனால் கடைக்காரரே சொல்லிவிடுவார்: "தட்டிப் பாத்து எடுங்கம்மா." வாய்விளிம்பைப் பிடித்துத் தூக்கி, விரல் முட்டியால் ஜாடியின் வயிற்றில் ஒரு தட்டு. கணீரென்றால் வெந்தது சரி. 'டொக்' என்றால் எங்கோ கண்ணுக்குத் தெரியாத கீறல். ஊறுகாய் போட்ட நாலாம் நாள் எண்ணெய் கசியும். திட்டக்குடியிலிருந்து பெண்ணாடம் வழியாக பஸ் பிடித்து வந்து வாங்கும் என் அம்மா, விலை கேட்பதற்கு முன்பே தட்டிவிடுவார்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது டீக்கடையில் ஒரே பேச்சு, அமெரிக்க எச்-1பி வேலை விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டுமாமே என்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் கொத்தனார், பத்து வருஷம் சிங்கப்பூரில் இருந்தவர். கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"நான் டைல்ஸ் ஒட்டுற வேலைக்குப் போனேன் தம்பி. முதல்ல டெஸ்ட் அடிக்கணும்னான். சுவத்துல ஒட்டிக் காட்டணும். ரசமட்டம் வச்சுப் பாப்பான், தூக்குக்குண்டு விட்டுப் பாப்பான். பாஸானாத்தான் பிளைட்டு. உங்க சித்தப்பா மவன் அமெரிக்கா போனானே, அவனுக்கு என்ன டெஸ்ட்டு?"

"கம்பெனி எழுதிப் போட்டுச்சுண்ணே. அப்புறம் குலுக்கல்ல விழுந்துச்சு."

"குலுக்கலா? நம்ம ஏலச்சீட்டுல கூட கூறி எடுக்குறோம்!" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு என்னை விடவில்லை. 'திறமைசாலிகளின் விசா' என்று உலகமெல்லாம் பேர் வாங்கிய ஒன்று, யாருடைய திறமையையும் தட்டிப் பார்க்காமலே எப்படி வளர்ந்தது? அதன் பிறப்பைத் தேடிப் போனால், நியூயார்க்கில் ஒரு தேவாலயத்து வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

பாதிரியாரும் அபராதமும்

1885-ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. முன்கூட்டியே வேலை ஒப்பந்தம் பேசி வெளிநாட்டாரைக் கப்பலேற்றி வரக் கூடாது, மீறினால் 1,000 டாலர் அபராதம். முதலாளிகள் மலிவான கூலிக்கு ஆள் இறக்கி உள்ளூர்க் கூலியை உடைக்கிறார்கள் என்று தொழிலாளர் அமைப்புகள் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. சட்டத்தில் சில விலக்குகளும் இருந்தன. நடிகர், பாடகர், சொற்பொழிவாளர், வீட்டு வேலையாள் ஆகியோர் வரலாம். அமெரிக்காவில் அதுவரை வேர்விடாத புதுத் தொழிலுக்குத் தேவையான கைதேர்ந்தவர்களும் வரலாம்.

அந்தப் பட்டியலில் பாதிரியார் இல்லை. 1887-ல் நியூயார்க்கின் ஹோலி டிரினிட்டி தேவாலயம் இங்கிலாந்திலிருந்து ஒரு பாதிரியாரைச் சம்பளம் பேசி வரவழைத்தது. அரசு வழக்குப் போட்டது. உச்ச நீதிமன்றம் வரை போய் 1892-ல் தீர்ப்பு வந்தது. நீதிபதி டேவிட் புரூவர் எழுதிய தீர்ப்பின் சாரம் இதுதான்: சட்டத்தின் எழுத்துப்படி பார்த்தால் தேவாலயம் செய்தது தப்பு, ஆனால் சட்டம் தடுக்க நினைத்தது மலிவான உடலுழைப்பாளிகளின் வரவை, மூளையால் உழைப்பவர்களை அல்ல.

எச்-1பி என்ற பெயர் அப்போது கிடையாது. ஆனால் அதன் விதை இங்கேதான் விழுந்தது. கையால் வேலை செய்பவன் கதவுக்கு வெளியே, தலையால் வேலை செய்பவன் உள்ளே என்று ஒரு கோடு கிழிக்கப்பட்டது. திட்டக்குடி கொத்தனாரும் என் சித்தப்பா மகனும் தனித்தனி வரிசையில் நிற்பது இன்று நேற்று வந்த வழக்கமல்ல.

நம் ஆட்களுக்கு அந்தத் 'தலை' வரிசையிலும் வெகுகாலம் பெரிதாக இடமில்லை என்பது வேறு கதை. 1917-ல் போட்ட சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியைத் தடைப் பகுதியாக்கியது. அதில் இந்தியாவும் சிக்கியது. 1946-ல் தடை தளர்ந்தபோது இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்ட இடம் ஆண்டுக்கு 100. நூறே பேர்.

எச் எங்கிருந்து வந்தது?

1952-ல் குடியேற்றச் சட்டத்தை முழுதாகத் திருத்தி எழுதினார்கள். அதிபர் ட்ரூமன் கையெழுத்துப் போட மறுத்தார். இரு அவைகளும் அவர் மறுப்பைத் தள்ளிவிட்டுச் சட்டத்தை நிறைவேற்றின. அதில் நிரந்தரமாகத் தங்காமல் வந்துபோகிறவர்களை வகை வகையாகப் பிரித்து வரிசையாக எழுத்துப் போட்டார்கள். ஏ என்றால் தூதர், பி என்றால் பார்வையாளர், எஃப் என்றால் மாணவர். இப்படியே போய் எட்டாவது எழுத்தில் தற்காலிக வேலைக்கு வருகிறவர்கள் விழுந்தார்கள். எச்-க்கு வேறு பெரிய பொருள் எதுவும் இல்லை, பள்ளி வருகைப் பதிவேட்டில் எட்டாவது பெயர் மாதிரிதான்.

அந்த எச்-சின் முதல் பிரிவு யாருக்கு? 'தனிச்சிறப்பான தகுதியும் ஆற்றலும் உடையவர்'களுக்கு. அப்போது இரண்டு கட்டு இருந்தது. வருகிறவரும் தற்காலிகம், பார்க்கப்போகும் வேலையும் தற்காலிகமாக இருக்க வேண்டும். 1970-ல் இரண்டாவது கட்டை அவிழ்த்துவிட்டார்கள். வேலை நிரந்தரமானதாகவே இருக்கலாம், ஆள் மட்டும் தற்காலிகமாக இருந்தால் போதும் என்றாகிவிட்டது. பின்னாளில் நடக்கப்போகும் சண்டைக்கெல்லாம் இந்தச் சின்னத் திருத்தம்தான் இடம் வைத்தது.

அதே நேரத்தில் இங்கே இன்னொரு பக்கம் மாவு பிசைந்துகொண்டிருந்தது. 1968-ல் தொடங்கிய டாடா கன்சல்டன்சி, 1970-களின் நடுவில் அமெரிக்காவின் பரோஸ் கணினி நிறுவனத்தோடு சேர்ந்து நம் புரோகிராமர்களை அங்குள்ள வாடிக்கையாளர்களிடம் அனுப்பத் தொடங்கியது. ஆளை அனுப்பி மணிக்கணக்கில் காசு வாங்கும் இந்த முறைக்கு 'பாடி ஷாப்பிங்' என்று பேர் வந்தது. தமிழ்நாட்டில் 1984-ல் எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவைத் திறந்தது. அனுப்ப ஆள் தயாரானது.

1990: பெயர் வைத்த நாள்

எண்பதுகளின் கடைசியில் அமெரிக்காவில் ஒரு பீதி கிளம்பியது. அந்நாட்டின் தேசிய அறிவியல் அறக்கட்டளையில் நடந்த ஓர் ஆய்வு, வரும் ஆண்டுகளில் 6,75,000 விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் குறைவார்கள் என்றது. கம்பெனிகள் அதைப் பிடித்துக்கொண்டன. 1992-ல் நாடாளுமன்றக் குழு அந்தக் கணக்கை விசாரணையில் கிழித்துத் தோரணம் கட்டியது. ஆனால் அதற்குள் 1990-ன் புதுக் குடியேற்றச் சட்டம் வந்துவிட்டிருந்தது.

1989-ல் செவிலியருக்கென்று எச்-1ஏ தனியாகப் பிரிந்தபோது, மிச்சமிருந்தவர்களுக்கு விழுந்த பெயர் எச்-1பி. இன்று நாம் அறிந்த உருவத்தை அதற்குக் கொடுத்தது 1990 நவம்பர் 29 அன்று அதிபர் ஜார்ஜ் எச்.டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம். கீழவையில் அதைச் செதுக்கியவர்களில் முக்கியமானவர் கனெக்டிகட் உறுப்பினர் புரூஸ் மோரிசன். அதுவரை உச்சவரம்பு இல்லை. ஆண்டுக்கு 65,000 என்று வரம்பு வைத்தார்கள். மூன்று ஆண்டு, நீட்டித்தால் ஆறு ஆண்டு.

நான் கவனிக்கச் சொல்லும் இடம் இதுதான். 'தனிச்சிறப்பான தகுதியும் ஆற்றலும்' என்ற பழைய அளவுகோலை எச்-1பி-யிலிருந்து எடுத்துவிட்டார்கள். உண்மையிலேயே அசாதாரணத் திறமை உள்ளவர்களுக்கு ஓ (O) என்றும், ஆட்டக்காரர்களுக்கும் கலைஞர்களுக்கும் பி (P) என்றும் புது எழுத்துகள் பிறந்தன. எச்-1பி-க்கு மிஞ்சியது 'சிறப்புத் துறை வேலை'. அந்த வேலைக்கு ஒரு பட்டம் வேண்டும், அல்லது பட்டத்துக்குச் சமமான அனுபவம் வேண்டும். ஆளின் திறமையை அளந்த சட்டம், வேலைக்கு என்ன படிப்பு வேண்டும் என்று மட்டும் கேட்கத் தொடங்கியது. வேடிக்கை என்னவென்றால், அடுத்த ஆண்டு திருத்தத்தில் ஃபேஷன் மாடல்களையும் எச்-1பி-யில் சேர்த்தார்கள். 'தனிச்சிறப்பான தகுதி' என்ற பழைய சொற்றொடர் இன்று அந்தப் பிரிவில் ஒட்டிக்கொண்டிருப்பது மாடல்களுக்காக மட்டும்தான்!

உள்ளூர்க்காரர் வேலையைக் காப்பாற்ற என்ன ஏற்பாடு? கம்பெனி ஒரு படிவத்தில் உறுதி தர வேண்டும்: அந்த ஊர் நடப்புச் சம்பளம் கொடுப்பேன், மற்றவர்களின் வேலை நிலைமை கெடாது, வேலைநிறுத்தம் நடக்கும் இடத்துக்கு ஆள் இறக்க மாட்டேன், விஷயத்தை ஊழியர்களுக்கு அறிவிப்பேன். தொழிலாளர் துறை ஏழு நாளில் முத்திரை குத்த வேண்டும். படிவம் முழுமையாக இருக்கிறதா, கண்ணில் படும் தவறு உண்டா என்று மட்டும் பார்க்கலாம். உள்ளூரில் ஆள் தேடினாயா என்று பொதுவாகக் கேட்கும் அதிகாரம் இல்லை. கடைக்காரர் 'நல்ல ஜாடி' என்று எழுதிக் கொடுத்தால் போதும், தட்ட வேண்டாம் என்ற மாதிரி.

வளர்ந்த வேகம்

1997-ல் முதன்முதலாக 65,000 தீர்ந்தது. இரண்டாயிரம் ஆண்டு பிறக்கும்போது கணினிகள் குழம்பும் என்ற பயமும் இணையப் பெருக்கமும் சேர்ந்து ஆள் பசியைக் கிளப்பின. 1998 சட்டம் வரம்பை 1,15,000 ஆக்கியது. 2000-ல் வந்த சட்டம் மூன்று ஆண்டுகளுக்கு 1,95,000 ஆக்கியது. அந்த 2000 ஜூலையில்தான் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. ஜெமினி பாலத்தடியில் அமெரிக்கத் துணைத் தூதரக வாசல் வரிசையும், ஹைதராபாத் பக்கம் சில்கூர் பாலாஜி கோயிலில் பதினொரு சுற்றும் நம் நடுத்தரக் குடும்பங்களின் நேர்த்திக்கடன் பட்டியலில் ஏறின.

2004 நிதியாண்டில் வரம்பு மறுபடி 65,000-க்கு இறங்கியது; பிறகு அமெரிக்காவில் முதுகலை படித்தவர்களுக்கு 20,000 கூடுதலாகச் சேர்ந்தது. 2007 ஏப்ரலில் இரண்டே நாளில் ஒரு லட்சத்துக்கு மேல் மனு குவிந்ததால் குலுக்கல் போட்டார்கள். பின்னாளில் அதுவே பழக்கமாயிற்று. 2020-லிருந்து கணினியில் பதிந்தால் சீட்டு; அப்போது கட்டணம் 10 டாலர்தான். ஒரே ஆளுக்கு நாலு கம்பெனி சீட்டுப் போடும் கூத்தும் ஆரம்பித்தது. 2023-ல் நடந்த குலுக்கலில் தகுதியானவை என்று எண்ணப்பட்ட சீட்டு 7.5 லட்சத்துக்கு மேல். அதில் பாதிக்கும் அதிகம் ஒன்றுக்கு மேற்பட்ட சீட்டு உள்ளவர்களுடையவை. அடுத்த ஆண்டு ஆளுக்கு ஒரே வாய்ப்பு என்று மாற்றியதும் எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது.

சண்டை

இரண்டு தரப்பிலும் நியாயம் உண்டு. 2015 வாக்கில் புளோரிடாவின் டிஸ்னி நிறுவனத்தில் சுமார் 250 கணினி ஊழியர்கள் வேலையிழந்தார்கள். தங்கள் இடத்துக்கு வந்தவர்களுக்குத் தாங்களே வேலை பழக்கிக் கொடுக்க நேர்ந்ததாகப் பலர் சொன்னார்கள். அந்த வயிற்றெரிச்சலை இனவெறி என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது. மறுபக்கம், வந்தவனும் சுகமாக இல்லை. விசா அவனுடையதல்ல, கம்பெனி கேட்டு வாங்கியது. வேலை போனால் பொதுவாக 60 நாளுக்குள் அடுத்த கம்பெனி கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டும். அங்கீகரிக்கப்படும் எச்-1பி-யில் பத்துக்கு ஏழு இந்தியருக்குப் போகிறது. ஆனால் நிரந்தர வசிப்புரிமை தரும் கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டுக்கும் பொதுவாக 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. அதனால் வரிசை தலைமுறை நீளத்துக்குப் போய்விட்டது. வாய் திறக்கப் பயந்த தொழிலாளி யாருக்கு லாபம் என்று கொத்தனாரைக் கேட்டால் சொல்லிவிடுவார்.

2024 டிசம்பரில் இந்தச் சண்டை டிரம்பின் சொந்த முகாமுக்குள்ளேயே வெடித்தது. திரி வைத்தது, நம் காட்டாங்குளத்தூரில் பொறியியல் படித்த சென்னைக்காரர் ஸ்ரீராம் கிருஷ்ணனைச் செயற்கை நுண்ணறிவுக் கொள்கை ஆலோசகராக நியமித்த அறிவிப்பு. ஒரு காலத்தில் இதே விசாவில் இருந்த எலான் மஸ்க் ஆதரித்தார். டிரம்பின் தீவிர ஆதரவாளர்கள் எதிர்த்தார்கள். 2025 செப்டம்பர் 19 அன்று டிரம்ப், வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுக்கும் மனுவுக்கு 1,00,000 டாலர் என்று உத்தரவு போட்டார். அந்த டிசம்பரில், சம்பளப் படி உயர உயரக் குலுக்கலில் அதிகச் சீட்டு என்று இன்னொரு விதியும் வந்தது.

ஆக, முதலில் படிவம், பிறகு குலுக்கல், இப்போது பணம். 1952-ல் எழுதிய 'ஆற்றல்' என்ற சொல்லுக்கு ஓரளவு கிட்டே வருவது இந்தச் சம்பளக் கணக்குதான். அதுவும் இளசுகளைப் பின்னுக்குத் தள்ளும். கம்பெனியின் கையிலிருக்கும் விசாவை ஊழியன் கைக்கு மாற்றி, விரும்பிய இடத்தில் தாராளமாக வேலை மாறவிட்டால் உள்ளூர்க்காரர் சம்பளமும் உடையாது, வந்தவன் முதுகும் வளையாது. அதை அமெரிக்காவின் இரண்டு பெரிய கட்சியும் செய்யவில்லை.

திட்டக்குடியில், பெண்ணாடத்தில், விருத்தாசலத்தில் கணினிப் படிப்பு முடித்து மார்ச் மாதக் குலுக்கலுக்குக் காத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரே வார்த்தை. சீட்டு விழுந்தால் உங்கள் திறமைக்குக் கிடைத்த சான்றிதழ் என்று எண்ண வேண்டாம். விழாவிட்டால் ஜாடியில் கீறல் என்றும் எண்ண வேண்டாம். உங்களை அவர்கள் இன்னும் தட்டியே பார்க்கவில்லை.